கிழக்குக் கரையில் சூரிய அஸ்தமனம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறைந்த செலவில் அந்தமான் போய்வருவது பற்றித் தங்கள் இதழில் சென்ற மாதம் வெளியான கட்டுரையைப் படித்தேன். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான விமானப் பயணம், அங்கிருந்து கப்பல், பிறகு ஹேவ்லாக் தீவில் கடலை ஒட்டிய மூங்கில் குடில் என்று கட்டுரையாளர் காட்டிய அதே வழியில் நானும் என் மனைவியும் கடந்த மார்ச் மாதம் போய்வந்தோம். அவர் சொல்லாமல் விட்ட சிலவற்றை அங்கே போகவிருக்கும் வாசகர்களுக்காக எழுதுகிறேன். (2018-இல் அத்தீவுக்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆயினும் ஆட்டோக்காரர் முதல் விடுதிக்காரர் வரை எல்லோர் வாயிலும் இன்னும் ஹேவ்லாக்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.)

நாங்கள் செல்போன் செயலியில் பார்த்துப் பணம் கட்டிய குடிலின் முதல் படத்தில் இரண்டு மர நாற்காலிகளும் அவற்றுக்கு நடுவே கடலில் இறங்கும் செக்கச்சிவந்த சூரியனும் இருந்தன. 'உங்கள் அறை வாசலிலிருந்து அஸ்தமனம்' என்று கீழே எழுதியும் இருந்தார்கள். ஹேவ்லாக்கில் கடற்கரைகளை எண்ணைச் சொல்லி அழைப்பது வழக்கம். உலகப் புகழ் பெற்ற ராதாநகர் ஏழாம் எண், அது மேற்குக் கரையில் இருக்கிறது. வாடகை குறைந்த குடில்களில் பெரும்பாலானவை மூன்றாம், ஐந்தாம் எண் கரைகளில், அதாவது தீவின் கிழக்குப் பக்கத்தில் வரிசையாக இருக்கின்றன. எங்கள் குடிலும் ஐந்தாம் எண்ணில்தான் இருந்தது. மாலை ஐந்தரைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த எங்களுக்கு முதுகுப் பக்கத்தில், பாக்குத் தோப்புக்கும் சமையற்கட்டின் தகரக் கூரைக்கும் பின்னால் சூரியன் மறைந்தது. படத்தில் இருந்தது ராதாநகர்க் கடல் என்பது மறுநாள் அங்கே போனபோதுதான் தெரிந்தது. அதற்கு ஆட்டோவுக்குப் போகவர ஆயிரம் ரூபாய் ஆயிற்று. வியாபாரத்துக்காகப் படத்தைக் கொஞ்சம் அழகுபடுத்துவார்கள் என்பது தெரியாதவன் அல்லன் நான். சூரியனின் திசையையே மாற்றுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது கடல். முதல் நாள் பிற்பகல் மூன்று மணிக்குத் துண்டும் கையுமாக இறங்கியபோது கடல் அங்கே இல்லை. கரையிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாசி படிந்த பாறையும் செத்த பவளத் துண்டுகளும் சேறும் கிடக்க, ஒரு நாட்டுப் படகு தரைதட்டிச் சாய்ந்திருந்தது. விடுதி மேலாளரிடம் கேட்டேன். "கடல் எங்கேயும் போய்விடாது சார், ராத்திரி வந்துவிடும்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. சென்னைக் கடற்கரையில் ஓதத்தின், அதாவது கடல் நீர்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவில் இருப்பதால் நமக்கு அது கண்ணில் படுவதில்லை. அந்தமானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது இரண்டு மீட்டரைத் தொடும். கிழக்குக் கரையின் அடித்தளம் ஆழமில்லாத பாறைத் தட்டு என்பதால் நீர் இறங்கும்போது வெகுதூரம் உள்வாங்கிவிடுகிறது. நாங்கள் போனது பௌர்ணமி வாரம். மூன்று நாட்களில் அந்தக் கரையில் இடுப்பளவு நீரில் நின்றது மொத்தம் ஒன்றரை மணி நேரம் இருக்கலாம்.

குடிலைப் பற்றி அதிகம் குறை சொல்ல விரும்பவில்லை. மூங்கில் தட்டிச் சுவர் என்றால் பக்கத்துக் குடிலில் இருமுவது கேட்கத்தான் செய்யும். கொசுவலையில் இருந்த ஓட்டையை என் மனைவி ஊசி நூல் வாங்கித் தானே தைத்துவிட்டாள். ஆனால் தண்ணீர் விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. குழாயில் வந்த தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்கவே இல்லை, தலை முடி கயிறாகத் திரிந்தது. இரண்டாம் நாள் மதியம் அதுவும் நின்றுபோய், ஒரு குடிலுக்கு இரண்டு வாளி என்று அளந்து கொடுத்தார்கள். மூட்டுவலிக்காரியான என் மனைவி அந்த வாளியைக் கழிப்பறைப் படியேற்ற முடியாமல் நின்றதைப் பார்த்தபோது, இந்தப் பயணத்துக்குக் கிளப்பியவன் என்ற முறையில் எனக்கு வெட்கமாக இருந்தது.

விடுதிக்காரர்களின் சங்கடமும் எனக்குப் புரியாமல் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவுகள் அவை. பெய்வதெல்லாம் மே முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது, தேக்கி வைக்க இடம் குறைவு. ஆகவே பிப்ரவரி தொடங்கிக் கோடை மழை வரும்வரை தண்ணீருக்குத் தவிப்புத்தான். மின்சாரம் பெரும்பாலும் டீசலில் ஓடுகிறது. அந்த டீசலும் அரிசி, பருப்பு, சிமெண்டும் கடல் கடந்துதான் வர வேண்டும். ஓர் இரவுக்கு 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு இந்தச் செலவுகளைச் சமாளிப்பவரிடம் நட்சத்திர விடுதியின் வசதியை யாரும் கேட்கவில்லை. இன்ன நேரம்தான் தண்ணீர், கரை கிழக்குப் பார்த்தது, நீர் இறங்கினால் குளிக்க முடியாது என்று மூன்று வரி எழுதியிருந்தால் நாங்கள் அதற்குத் தகுந்தாற்போல் மாதத்தையோ கரையையோ மாற்றிக்கொண்டிருப்போம்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றே வரையறுக்கிறது. புகாரைத் தீவுக்குப் போய்த்தான் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம், 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் சொல்லலாம். நான் முதலில் செயலி நிறுவனத்துக்கு எழுதினேன். 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரு வரி வந்தது. அந்தப் படம் இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது.

தங்கள் கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கடலோர விடுதி ஒன்றைப் பரிந்துரைக்கும்போது வாடகையோடு கரை எந்தத் திசை பார்த்தது, எந்த மாதத்தில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு வரும், தாங்கள் போனபோது கடல் ஏறியிருந்ததா இறங்கியிருந்ததா என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இது முடியாத காரியம் அல்ல. எங்கள் குடிலிலிருந்து நாலாவது வேலிக்கு அப்பால், எங்களுடையதைவிட இருநூறு ரூபாய் குறைவான வாடகையில் ஒரு விடுதி இருந்தது. அதன் வாசல் கரும்பலகையில் தண்ணீர் வரும் நேரமும், அன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும் என்பதும் சாக்பீஸால் எழுதியிருந்தன. மீதி இரண்டு இரவுக்கு அங்கே மாறிவிடலாமா என்று கேட்டோம். எல்லா அறைகளும் நிரம்பியிருந்தன.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சி