இறந்த கோழிகளின் ஈரலிலும் ரத்தத்திலும் பூஞ்சை நச்சைப் பரிசோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நாட்டுக்கோழி வளர்ப்போர்,
வேப்பந்தட்டை வட்டாரம்,
பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
பெரம்பலூர்.

பொருள்: கோழிகளின் உடலில் பூஞ்சை நச்சு ஏறியுள்ளதா எனக் கண்டறிய மாவட்டத்திலேயே ஏற்பாடு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் வட்டாரத்தில் மக்காச்சோளம் விளைவிக்கும் வீட்டில்தான் நாட்டுக்கோழியும் வளர்கிறது. தை மாதம் கதிரை அறுத்துக் களத்தில் கொட்டும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் மணி சரியாகக் காய்வதில்லை. நல்ல மணியை வியாபாரி எடைபோட்டு எடுத்துக்கொள்கிறார். கறுத்ததும் பூசணம் பிடித்ததும் வீட்டிலேயே தங்கி, கோழிக்குத் தீனியாகிறது. ஈரம் தங்கிய மணியில் வளரும் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்னும் நச்சை உண்டாக்குகிறது. கழுவினாலும் வேகவைத்தாலும் அது முழுதாகப் போவதில்லை. கண்ணுக்குப் பூசணம் தெரியாத மணியிலும் இருக்கக்கூடும்.

இந்த நச்சால் கோழிகள் பெரும்பாலும் ஒரே நாளில் கூட்டமாகச் சாவதில்லை. அதனாலேயே எவர் கவனத்துக்கும் வருவதில்லை. கொண்டை வெளுக்கிறது, எடை ஏறுவதில்லை, முட்டை குறைகிறது. நோய் எதிர்ப்புச் சக்தி குலைந்த நிலையில் ஏதோ ஒரு நோய் வந்து கொண்டுபோய்விடுகிறது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் அரசு கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. எங்கள் கோழிகள் பூசணச் சோளம் தின்னும் காலமும் அதுவே. ஊசி போட்ட கோழியும் செத்துவிட்டால், "ஊசி சரியில்லை" என்று சொல்லி அடுத்த ஆண்டு முகாமுக்குக் கோழியைக் கொண்டுவர வளர்ப்போர் மறுக்கிறார்கள். பழி தடுப்பூசியின் மேல் விழுவது எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கடந்த பருவத்தில் எங்களில் ஒருவர் இறந்த கோழியைக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் சென்றார். அறுத்துப் பார்த்தபோது ஈரல் வெளிர்மஞ்சளாக வீங்கியிருந்தது. விரல் பட்டதும் பிய்ந்தது. மேற்பரப்பில் குண்டூசித் தலை அளவில் ரத்தப் புள்ளிகள். பூஞ்சை நச்சாக இருக்கலாம், தீவனத்தைக் கொண்டுவந்தால் சோதனைக்கு அனுப்பலாம் என்றார் மருத்துவர். கோழி தின்ற மூட்டை அதற்குள் காலியாகிவிட்டது. அறிக்கையில் சாவுக்குக் காரணம் பதிவாகவே இல்லை.

ஆகவேதான் தீவனத்தோடு சேர்த்துக் கோழியையும் சோதிக்க வேண்டும் என்கிறோம். தீவனத்தைச் சோதிக்க நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆய்வகம் உள்ளது. ஆனால் நச்சு மூட்டை முழுவதும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. கோழித் தீவனத்தில் இந்த நச்சின் முக்கிய வகையான அஃப்ளாடாக்சின் பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒரு கைப்பிடியில் அந்த அளவுக்குள் இருப்பது, அதே மூட்டையின் இன்னொரு மூலையில் பல மடங்கு இருக்கலாம். கோழி தின்ற நச்சின் தடயமோ அதன் ஈரலிலும், ரத்தத்தின் அல்புமின் புரதத்திலும் தங்குகிறது. தீனியை மாற்றியபின் ஈரலில் உள்ள எச்சம் விரைவில் குறைந்துவிடும் என்பதால் மாதிரி எடுப்பதில் தாமதம் கூடாது.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது காரணம் புரியாமல் அதை "எக்ஸ்" நோய் என்றார்கள். பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்குத் தீவனத்தைத் துருவி ஆராய்ந்த பிறகே இந்த நச்சு வெளிப்பட்டது. காரணமும் சோதனை முறைகளும் தெரிந்த இன்றைக்கும் எங்கள் கோழிகள் காரணம் எழுதப்படாமலே சாகின்றன.

எனவே, மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவினர் பிரேதப் பரிசோதனையின்போது சந்தேகத்துக்குரிய ஈரலில் ஒரு துண்டை நச்சுச் சோதனைக்காக ஐஸ் பெட்டியிலும், மற்றொரு துண்டைத் திசு ஆய்வுக்காக ஃபார்மலினிலும் எடுத்து அனுப்ப ஆணையிட வேண்டுகிறோம். அதே கொட்டகையில் உயிருடன் உள்ள சில கோழிகளின் ரத்தத்தையும் எடுக்க வேண்டும். முடிவை எழுத்தில் எங்களுக்குத் தர வேண்டும். அதற்கான கட்டணத்தைச் சிறு வளர்ப்போரிடம் வாங்க வேண்டாம். 50 சதவீத மானியத்தில் அரசு அமைத்துத் தந்த, தலா 250 கோழிகள் கொண்ட பண்ணைகளிலிருந்து இதைத் தொடங்கலாம். அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஈரப்பதமானியும் விரைவுச் சோதனைப் பட்டைகளும் வைத்தால், எந்த மணி கோழிக்கும் ஆகாது என்பது களத்திலேயே தெரிந்துவிடும்.

இந்தக் கோழிகளின் முட்டையையும் ஈரலையும் எங்கள் பிள்ளைகளே உண்கிறார்கள். மனிதருக்கு ஈரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியாகிவிட்ட நச்சு இது. வரும் தை அறுவடைக்கு முன்பே இந்த ஏற்பாட்டைச் செய்து தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வேப்பந்தட்டை வட்டார நாட்டுக்கோழி வளர்ப்போர்