சதை கொடுத்தவருக்கும் விதை கொடுத்தவருக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள்

சென்னையில் உள்ள ஆய்வு வழிகாட்டிகளுக்கும் நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

14 வருடமாக மருத்துவ ஆய்வுகளுக்கும் வேளாண் ஆய்வுகளுக்கும் படிவங்களைத் தமிழாக்கித் தருகிறேன். ஆய்வில் சேருபவர் கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவம், அதோடு வரும் தகவல் தாள், கிராமத்துக்குக் கொண்டுபோகும் கேள்வித்தாள், இவைதான் என் வேலை. பல் மருத்துவக் கல்லூரிகளின் வாய்நோய்ப் பிரிவிலிருந்து நிறைய வரும். நெல்லின் மரபணுவை ஆராய்பவர்களிடமிருந்து அவ்வப்போது வரும். இத்தனை வருடத்தில் ஓர் ஆய்வின் முடிவைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி ஒருவர்கூடக் கேட்டதில்லை. இனிமேலாவது கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

எல்லாப் படிவத்திலும் ஒரு வரி வரும். "இந்த ஆய்வினால் உங்களுக்கு நேரடியாகப் பயன் இல்லாமல் போகலாம், கிடைக்கும் தகவல் எதிர்காலத்தில் பிறருக்கு உதவலாம்." அந்த வரியை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அந்தப் 'பிறர்' யார் என்பது ஒரு நாள் ஒரு புறநோயாளிப் பிரிவின் வராந்தாவில்தான் எனக்கு உறைத்தது.

படிவம் புரிகிறதா என்று நோயாளிகளிடம் படித்துக் காட்டப் போயிருந்தேன். கோயம்பேட்டில் மூட்டை தூக்குபவர் ஒருவர், முப்பது வயதுக்கு மேல் இருக்கும். பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கலந்த மாவாவைப் பத்து வருடத்துக்கு மேல் போட்டவர். வாயைத் திறக்கச் சொன்னார் பயிற்சி மருத்துவர். சாதாரணமாக மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் விடலாம். இவருக்கு ஒரு விரல்தான் போனது. ஸ்கேல் வைத்து மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே அளந்து, 18 மில்லிமீட்டர் என்று எழுதினார். இட்லியைப் பிய்த்துத் தட்டையாக்கித்தான் வாய்க்குள் தள்ளுகிறாராம். ரசம் பட்டாலே எரிகிறதாம். கன்னத்தின் உட்பக்கம் வெளிறி, தொட்டால் தோல் வார் மாதிரி இருந்தது.

இந்த நோய்க்கு 'ஓரல் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ்' என்று பெயர், கன்னச் சதை நாராகி இறுகிப்போவது. பாக்கில் உள்ள அரிகோலின் என்ற பொருள், சதைக்குள் நார் உண்டாக்கும் செல்களைத் தூண்டிக்கொண்டே இருக்கும். நார் சேரும், ஆனால் கரையாது. பாக்கில் உள்ள தாமிரமும் சேர்ந்துகொண்டு அந்த நாரை இன்னும் இறுக்கும். மெல்வதை நிறுத்தினால் நோய் வேகம் குறையலாம், பழைய கன்னம் திரும்பாது. பாக்கு போடும் எல்லாருக்கும் இது வருவதில்லை. ஏன் சிலருக்கு மட்டும் என்பதற்கு மரபணுவில் காரணம் தேடும் ஆய்வு அது. அதற்காக அவருடைய கன்னச் சதையில் ஒரு துண்டும் கொஞ்சம் ரத்தமும் வேண்டும்.

நான் முதலில் 'மரபணுப் பல்லுருத்தோற்றம்' என்று எழுதியிருந்தேன். பக்கத்தில் நின்ற நர்ஸ், "இது எனக்கே புரியலை மேடம்" என்றார். 'ஆளுக்கு ஆள் மரபணுவில் இருக்கும் சின்னச் சின்ன வித்தியாசம்' என்று மாற்றினேன். மூட்டை தூக்குபவர் தலையாட்டினார், கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "எனக்குக் கேன்சர் வருமா மேடம்? என் தம்பியும் போடறான். அவனுக்கும் இப்படி ஆகுமா? ரிசல்ட் வந்தா சொல்லுவீங்களா?" என்றார்.

சொல்வோம் என்றார்கள். ஆய்வு முடிந்தது, கட்டுரையும் வந்தது. அதன் சுருக்கத்தை நான் இணையத்தில் படித்தேன். அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அவருடைய போன் நம்பர் அந்தப் படிவத்திலேயே இருக்கிறது.

அவர் கேட்ட முதல் கேள்விக்கு ஓரளவு பதில் எப்போதோ வந்துவிட்டது. எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்த நோய் உள்ள 66 பேரை 17 வருடம்வரை தொடர்ந்து பார்த்தார்கள். 5 பேருக்குப் புற்றுநோய் வந்தது. அது 1985-இல் வெளியான ஆய்வு. இந்த நோயைப் பற்றி 1952-இல் முதலில் எழுதியவர், கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களின் வாயைப் பார்த்துத்தான் எழுதினார். பாக்கு, புகையிலை சேராமல் தனியாகவே, புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லிவிட்டது. ஆனால் இன்றைக்கும் ஒரு கல்யாணத் தாம்பூலத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுப் பாருங்கள். "வெறும் பாக்குதானே, புகையிலை இல்லையே" என்பார்கள். குட்காவுக்குத் தடை என்பது எல்லாருக்கும் தெரிகிறது. அதற்குள் இருக்கும் பாக்கின் கதை தெரியவில்லை. எழுபது வருட ஆராய்ச்சி, யார் வாயிலிருந்து தொடங்கியதோ அவர்கள் காதுக்கு வந்து சேரவில்லை.

நெல்லுக்கும் இதே கதைதான். இதை என் வீட்டிலேயே பார்த்தேன்.

என் பெரியப்பா மதுராந்தகம் பக்கம் ஒன்றரை ஏக்கரில் பூங்கார் என்ற பழைய நெல் ரகத்தை இன்னும் போடுகிறார். ஏரித் தண்ணீர் திரும்பினால் முங்கும் நிலம் அது. "மத்த பயிரு அழுகிடும், இது தம் கட்டிக்கிட்டு கிடக்கும்" என்பார். சில வருடம் முன்னால் ஆராய்ச்சி மாணவர்கள் இரண்டு பேர் வந்து மரியாதையாகத்தான் பேசினார்கள். பெரியம்மா மோர் கொடுத்தார். பெரியப்பா குதிரிலிருந்து இரண்டு கை நெல்லை அள்ளிக் கொடுத்தார். காகிதக் கவரில் போட்டு, 17 என்று எண் எழுதி, ஊர்ப் பெயரும் ரகத்தின் பெயரும் குறித்துக்கொண்டு போனார்கள். அந்த எண்ணைப் பெரியப்பா தினசரிக் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார்.

தண்ணீரில் மூழ்கினால் நெல் என்ன செய்யும் என்பதை அவருக்கு நான் ஒரு தடவை விளக்கினேன். சாதாரணப் பயிர், காற்றைத் தேடி மளமளவென்று உயரும். சேர்த்து வைத்த சத்தையெல்லாம் அதிலேயே செலவழித்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் துவண்டு விழும். ஒடிசாவின் ஒரு பழைய ரகத்திலிருந்து வந்த எஃப்.ஆர். 13ஏ என்ற நெல் அப்படிச் செய்யாது. வளராமல், செலவழிக்காமல், இரண்டு வாரம்போல அப்படியே இருக்கும். அதற்குக் காரணமான சப்1ஏ மரபணுவை 2006-இல் அடையாளம் காட்டினார்கள். அதை சுவர்ணா ரகத்துக்குள் கொண்டுவந்து 2009-இல் இந்தியாவில் விவசாயிகளுக்கு விட்டார்கள்.

பெரியப்பா முழுக்கக் கேட்டுவிட்டு, "அதைத்தானே நான் தம் கட்டுதுன்னு சொல்றேன்" என்றார். அப்புறம் கேட்டார்: "நம்ம நெல்லுல அது இருக்குதா? இல்ல வேற ஏதாவது இருக்குதா?" அவ்வளவு சரியான ஆராய்ச்சிக் கேள்வியைக் கேட்ட மனிதருக்குப் பதில் சொல்ல வேண்டிய கடன் அந்தக் கவரைக் கொண்டுபோனவர்களுக்கு இருக்கிறது.

ஒரு கை நெல் எவ்வளவு தூரம் போகும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நமக்குப் பக்கத்தில் திருவள்ளூர் மாவட்டத்துத் திரூர் ஆராய்ச்சி நிலையம் தந்த டி.கே.எம். 6 என்ற நெல், பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போய், தண்டுத் துளைப்பான் பூச்சியைத் தாங்கும் குணத்தை ஐ.ஆர். 20 ரகத்துக்குக் கொடுத்துத் திரும்பி வந்தது. அந்த ஐ.ஆர். 20 சோறு தின்று வளர்ந்தவர்கள்தான் என் தலைமுறையில் பாதிப்பேர். விதை கொடுத்தவருக்குப் பயனில் பங்கு உண்டு என்று 2002-இன் பல்லுயிர்ச் சட்டம் சொல்கிறது. அதைக் கவனிக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையமே நம் தரமணியில் இருக்கிறது. பணமாகப் பங்கு வருவது பெரிய விஷயம், அதற்குப் பல படிகள் உண்டு. தகவலில் பங்கு கொடுக்க எந்தப் படியும் ஏற வேண்டாம்.

நேரமில்லை என்பீர்கள். முதுகலை மாணவருக்கு மூன்று வருடம்தான், ஆய்வேடு கட்டி முடிப்பதே பெரும்பாடு என்பது எனக்குத் தெரியும். முடிவு ஒன்றுமில்லை என்று வந்தால் என்ன எழுதுவது என்றும் ஒரு பேராசிரியர் கேட்டார். அதையே எழுதுங்கள் ஐயா. "நீங்கள் கொடுத்த சதையில் நாங்கள் இந்த மரபணு வித்தியாசத்தைத் தேடினோம். நோய் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆகவே உங்கள் தம்பிக்கு வருமா வராதா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. பாக்கை நிறுத்துவது மட்டும் நிச்சயம் உதவும்." நான்கு வரி. தனிப்பட்ட ஒருவரின் பரிசோதனை முடிவைச் சொல்வதில் சிக்கல் உண்டு, பயமுறுத்திவிடக் கூடாது என்ற கவலையும் நியாயம். நான் கேட்பது மொத்த ஆய்வின் முடிவை மட்டும்தான்.

புரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். அதே தரமணியில் உள்ள சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், புதுச்சேரி வீராம்பட்டினத்தில் அலை உயரத்தைத் தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னது. இணையத்தில் ஆங்கிலத்தில் கிடந்த தகவல்தான் அது. மீனவர்கள் கேட்டுவிட்டுக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுத்தார்கள்.

நெறிமுறைக் குழுவில் இருப்பவர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. ஒப்புதல் படிவம் தமிழில் இல்லாவிட்டால் ஆய்வைத் தொடங்கவே விடமாட்டீர்கள். படிவத்தில் ஒரு காற்புள்ளி தப்பாக இருந்தாலும் திருப்பி அனுப்புகிறீர்கள், அந்தக் கறார்தனத்தை நான் மதிக்கிறேன். அதே கறாரோடு, முடிவு அறிக்கையை வாங்கும்போது தமிழில் ஒரு பக்கமும் சேர்த்துக் கேளுங்கள். மருத்துவ ஆய்வு என்றால் அதே வராந்தாச் சுவரில் ஒட்டுங்கள், படிவத்தில் உள்ள போன் நம்பருக்கு அனுப்புங்கள். நெல் ஆய்வு என்றால் கிராம சபையில் ஒருவர் வாசிக்கட்டும். எழுதித் தர ஆள் இல்லை என்றால் என்னிடம் கொடுங்கள். இந்த ஒரு பக்கத்துக்கு நான் காசு வாங்கப்போவதில்லை.

மாணவர்களே, உங்களில் யாரிடமாவது அந்தக் காகிதக் கவர் இருக்கும். எண் 17, மதுராந்தகம், பூங்கார். பெரியப்பாவுக்கு 78 வயது ஆகிறது. காலண்டர் அட்டையை இன்னும் ஆணியில்தான் மாட்டி வைத்திருக்கிறார்.

அன்புடன்,
ஒரு மொழிபெயர்ப்பாளர்
மேற்கு மாம்பலம், சென்னை