அவரும்தானே சிரித்தார்

கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதையே மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ குறுக்கே பேசுவாய், நானும் பேச வந்ததை விட்டுவிட்டு வேறெதையோ பேசி வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நடந்ததை நீ சொன்னபடியே எடுத்துக்கொள்கிறேன். உன் நண்பன் பேசுகிற மாதிரி பேசிக் காட்டுவது உனக்குப் பழக்கம். அவனுடைய ஊர்ப்பேச்சின் இழுவை, 'ழ' வருகிற இடத்தில் நாக்கு வழுக்குவது எல்லாம் உனக்கு அத்துப்படி. அறையில் நாலு பேராக இருக்கும்போது அவனும் சேர்ந்து சிரிப்பான். போன வாரம் புது டீம் முன்னால், மேலாளரும் உட்கார்ந்திருக்கும்போது, அதையே செய்து காட்டினாய். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அன்று ராத்திரியே உன் நம்பரை பிளாக் செய்துவிட்டான். "இதுக்கெல்லாமாம்மா கோபம் வரும்? அவனும்தானே சிரிச்சான்?" என்று கேட்டாய்.

அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் வரி அது.

நான் அச்சகத்தில் புரூஃப் பார்த்து, அச்சுப் பிழை திருத்திக்கொண்டிருந்த காலம் உனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கலாம். அச்செழுத்துக் கோக்கும் எங்கள் கம்பாசிட்டர் ஒருவர் ஓய்வு பெற்றார். பிரிவு உபசார விழாவில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். எல்லாரும் 'நல்லவர், வல்லவர்' என்றே பேசிக்கொண்டிருந்ததால் கூட்டம் தூங்கி வழிந்தது. நான் எழுந்து, அவர் ஒரு விழா அழைப்பிதழில் 'வாழ்த்த வாரீர்' என்பதை 'வீழ்த்த வாரீர்' என்று கோத்துவிட்ட கதையைச் சொன்னேன். கூடம் அதிர்ந்தது. மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த அவரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முன்வரிசையில் அவருடைய மகன் இருந்தான், பத்தாவது படிக்கிற வயது. அவன் சிரிக்கவில்லை, திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தான். அந்த அம்மா மடியில் இருந்த பையின் வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். அதில் சரிசெய்ய ஒன்றுமே இல்லை.

அதே கதையை அச்சகத்துக்குள் எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறோம், அவரே சொல்லியும் கேட்டிருக்கிறேன். அங்கே அவர் எங்களில் ஒருவர், அவர் பிழைக்குப் பக்கத்திலேயே எங்கள் பிழைகளும் இருந்தன. கூடத்தில் அவர் ஒரு வீட்டின் தலைவர். முப்பது வருஷ வேலையை முடித்துக்கொண்டு மகன் முன்னால் உட்கார்ந்திருந்த மனிதர். சொன்ன சொல் ஒன்றே, ஆனால் அங்கே அது அவருடைய கையில் இருந்தது, இங்கே என் கையில் இருந்தது. சிரிப்பதைத் தவிர மேடையில் அவரால் வேறென்ன செய்திருக்க முடியும்? முகம் சுளித்திருந்தால் 'விளையாட்டுக்குச் சொன்னதைக்கூடத் தாங்கமாட்டார்' என்று இன்னொரு பட்டமும் சேர்ந்திருக்கும். உன் நண்பனும் மேலாளர் முன்னால் அந்தக் கணக்கைத்தான் போட்டிருப்பான். போட்டுவிட்டுச் சிரித்திருப்பான்.

"என் மனசுல தப்பா எதுவும் இல்லையே" என்கிறாய். நம்புகிறேன். ஆனால் உன் மனதில் இருப்பது உனக்குத்தானே கேட்கும்? 1990இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஒரு சோதனை செய்தார். சிலர் எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகளின் தாளத்தை மேசையில் விரலால் தட்டிக் காட்ட வேண்டும், எதிரே இருப்பவர் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவர் தலைக்குள் ராகமும் வரிகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன, கேட்கிறவருக்கு வெறும் டொக் டொக். உன் பிரியம் முழுக்க உன் தலைக்குள் ஓடிய ராகம், கண்ணா. அந்த அறையில் இருந்தவர்களுக்குக் கேட்டது தட்டல் மட்டும்தான்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். 'வலித்ததா' என்பது ஒரு கேள்வி, 'நீ செய்தது தப்பா' என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வலித்தவனைத் தவிர வேறு யாருக்கும் அதிகாரம் கிடையாது. 'இது வலிக்கக்கூடாதே' என்று நீ வாதாட முடியாது. மிதித்தவன் அளந்து சொல்கிற சமாச்சாரமா அது? இரண்டாவது கேள்வி அப்படி இல்லை. அங்கே வலித்தவனும் நடுவர் இல்லை, நீயும் நடுவர் இல்லை. இடம், ஆள், சொன்ன விஷயம், அதைச் சொல்லித்தான் தீர வேண்டுமா என்பதையெல்லாம் போட்டு எடைபார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் ஒரு பக்கம் 'அவனுக்கு ரொம்பத்தான் தொட்டாச்சிணுங்கித்தனம்' என்றும், இன்னொரு பக்கம் 'எனக்கு வலித்துவிட்டது, ஆகவே நீ வாயைத் திறக்காதே' என்றும் பேசுகிறார்கள்.

இந்த இரண்டாவது ரகம் உனக்கும் நேர்ந்தது. மூன்று மாதம் முன்பு, மூத்த அதிகாரி ஒருவர் கொண்டுவந்த திட்டத்தில் கணக்கு தப்பாக இருக்கிறது என்று கூட்டத்தில் சொன்னாய். மரியாதையாகத்தான் சொன்னதாகச் சொன்னாய். அவர் மனம் புண்பட்டுவிட்டதாகச் செய்தி வந்தது, ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டாய். எனக்கு அப்போதே ஒப்பவில்லை. அவருக்கு வலித்தது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் நீ தொட்டது அவர் போட்ட கணக்கை. அதை அவரால் மாற்ற முடியும், மாற்றத்தான் வேண்டும். நண்பனிடம் நீ தொட்டது அவன் நாக்கை, அவன் ஊரை. அதை அவன் எங்கே கொண்டுபோய் மாற்றுவான்? கேட்க வேண்டாத இடத்தில் மன்னிப்புக் கேட்டாய், கேட்க வேண்டிய இடத்தில் வாதம் செய்கிறாய். அதிகாரிக்கு வலித்தால் உனக்குப் பயம், நண்பனுக்கு வலித்தால் உனக்கு எரிச்சல். இப்படிச் சொல்வதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

யாருக்குமே வலிக்காமல் பேசுவது என்று தீர்மானித்தால் ஒரு கருத்தும் வெளியே வராது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1976இல் ஹேண்டிசைடு என்ற பதிப்பாளர் தொடுத்த வழக்கில் இதைத்தான் சொன்னது: எல்லாரும் ஏற்கிற பேச்சுக்கு மட்டுமல்லாமல், புண்படுத்துகிற, அதிரவைக்கிற, கலங்கவைக்கிற பேச்சுக்கும் உரிமை உண்டு. (வேடிக்கை என்னவென்றால், இவ்வளவும் சொல்லிவிட்டு வழக்குத் தொடுத்த அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தார்கள். எல்லைக் கோடு அவர்களுக்கே அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை.) உரிமை உண்டு என்பதெல்லாம் சரி. ஆனால் நண்பனைப் பேசிக் காட்டிய விஷயத்தில் 'எனக்குப் பேச்சுரிமை இருக்கிறது' என்று நீ ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

'முன்னாடி சிரிச்சான், இப்ப மட்டும் ஏன்?' என்றும் கேட்டாய். புரூஃப் மேசையில் உட்கார்ந்தவளுக்கு இது புதிதில்லை. சொற்களே நிலையாக இருப்பதில்லை. ஆங்கிலத்தில் இடியட், மோரான் என்பவை இன்று சண்டையில் வீசுகிற சொற்கள். நூறு வருஷம் முன்பு மருத்துவர்கள் நோயாளியின் தாளில் நிதானமாக எழுதிய வகைப்பெயர்கள் அவை. மோரான் என்ற பெயரை 1910இல் ஹென்றி காடர்ட் என்ற உளவியலாளர் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்து வைத்தார். வைக்கும்போது யாரையும் திட்டும் எண்ணம் இல்லை. நம் மொழியில் 'ஊனமுற்றோர்' என்று நானே எத்தனையோ பக்கங்களில் சரிபார்த்து அனுப்பியிருக்கிறேன். பிறகு அதை அடித்து 'மாற்றுத்திறனாளி' என்று எழுதியதும் இதே கைதான். முதலில் கொஞ்சம் முணுமுணுத்தேன், சொல் நீளம், வரிக்குள் அடங்காது என்று. அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு நடக்கிறவருக்கு எவ்வளவு கனம் என்று வரியின் நீளத்தைப் பார்க்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

நம் இலக்கணத்தில் இதற்கென்று ஒரு பகுதியே இருக்கிறது, பள்ளியில் படித்திருப்பாய். சபையில் சொல்லக் கூசுவதை மறைத்து வேறு சொல்லால் சொல்வது இடக்கரடக்கல். 'செத்தார்' என்னாமல் 'துஞ்சினார்' என்பது மங்கலம். பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண் என்று கடந்துவிடுகிறோம். எதிரே இருப்பவர் யார், எந்த இடத்தில் நிற்கிறோம் என்று பார்த்துப் பேசு என்பதை இலக்கணமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு பேசுகிற நான் ஒழுங்கா என்றால், இல்லை. போன மாதம் உனக்கு நாலு பத்தி மெசேஜ் அனுப்பினேன். நீ 'சரி.' என்று பதில் போட்டாய், முற்றுப்புள்ளியோடு. இரண்டு நாள் உன்னோடு பேசவில்லையே, கவனித்தாயா? கவனித்திருக்கமாட்டாய், நீ ரயிலில் இருந்தாயாம். 2005இல் மின்னஞ்சலை வைத்து உளவியலாளர்கள் செய்த ஆய்வு ஒன்றைப் படித்தேன். தாங்கள் கிண்டலாக எழுதினோமா, நிஜமாக எழுதினோமா என்று படிப்பவருக்கு 78 சதவீதம் புரிந்துவிடும் என்று எழுதியவர்கள் நம்பினார்கள், புரிந்தது 56 சதவீதம்தான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாகிவிடும் விஷயத்தில் 56! ஆக, நீ எழுதாத கோபத்தை உன் புள்ளியில் நானே ஏற்றிக்கொண்டேன். எனக்கு வலித்தது நிஜம், நீ தப்பே செய்யவில்லை என்பதும் நிஜம். மேலே சொன்ன இரண்டு கேள்விகளையும் என் மேலேயே வைத்துப் பார்த்துக்கொள்.

இப்போது என்ன செய்வது என்றால், அவனை நேரில் போய்ப் பார். குழுவில் எழுதாதே, இன்னொருவரைத் தூது அனுப்பாதே. 'உனக்கு வருத்தமா இருந்திருந்தா சாரி' என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்த 'இருந்திருந்தால்' இருக்கிறதே, அது மன்னிப்புக் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டு வலித்தவன் மேலேயே சந்தேகத்தைப் போட்டுவிட்டு வருகிற சொல். நீ செய்ததை மட்டும் சொல். 'எல்லார் முன்னாடியும் உன்னைப் பேசிக் காட்டினேன், செஞ்சிருக்கக்கூடாது.' அதற்குமேல் விளக்கம் வேண்டாம். அவன் உடனே சமாதானமாகிவிட வேண்டும் என்றும் எதிர்பார்க்காதே, அது அவன் நேரத்துக்கு நடக்கட்டும்.

நீ போனை வைத்தபிறகு நானும் ஒரு போன் செய்தேன். பழைய சகாக்கள் மூலமாக அந்தக் கம்பாசிட்டரின் நம்பர் கிடைத்தது. குரல் நடுங்குகிறது, ஆனால் என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். அந்த விழாவில் பேசியதற்கு வருத்தம் சொன்னேன். "அதெல்லாம் எப்பவோ மறந்துபோச்சும்மா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "500 காப்பிம்மா. திருப்பி அடிச்ச செலவை மூணு மாசம் சம்பளத்துல பிடிச்சாங்க. வீட்ல சொல்லலை, கடன் கொடுத்திருக்கேன்னு சொல்லிவெச்சிருந்தேன்" என்றார். பையன் ஏன் திரும்பி அம்மாவைப் பார்த்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. உன்னிடமும் இதுவரை சொன்னதில்லை. அந்த அழைப்பிதழின் புரூஃபைப் பார்த்து, 'சரி' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பியது நான்தான். 'வீழ்த்த' என்பது என் கண்ணிலும் படவில்லை. பணம் பிடித்தபோது நான் வாயைத் திறக்கவில்லை, மேடையில் கதை சொன்னபோது அந்தப் பகுதியை விட்டுவிட்டேன். இதைச் சொல்லி முடிக்க எனக்கு இரண்டு மூன்று தடவை தொண்டையைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தது.

"தெரியும்மா" என்றார் அவர். "புரூஃப் தாள் என்கிட்டதானே திரும்பி வந்துச்சு."

அன்புடன்,
அம்மா