ஸ்பெஷலைசேஷன் எடுக்குற லா ஸ்டூடண்ட்ஸுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லா படிக்கிற பசங்க நிறைய பேர் முதல் வருஷத்துலயே டாக்ஸ், பேட்டன்ட்னு முடிவு பண்ணிட்டு அந்த பேப்பர் மட்டும் போதும்னு இருக்காங்க, பாத்தா கவலையா இருக்கு. நானும் அப்படித்தான் பண்ணேன். ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்கு வெளிய ஒரு நடுவர வெச்சு தகராற தீர்க்கிறது, அது மேல இருந்த ஆசையில அந்த எலெக்டிவ்ல போய் உக்காந்தேன், 1958 நியூயார்க் கன்வென்ஷன்ங்கிற சர்வதேச ஒப்பந்தத்த பாடமா நடத்துறாங்க, வெளிநாட்டுல நடுவர் குடுத்த தீர்ப்ப ஒரு கோர்ட் எந்தெந்த காரணத்துக்கு அமல்படுத்த மறுக்கலாம்னு அதோட 5வது ஷரத்து சொல்லுது, ஆனா காண்ட்ராக்டும் சிவில் ப்ரொசீஜரும் ஒழுங்கா படிக்காததால எனக்கு பாதி புரியவே இல்ல.

டாக்ஸும் அப்படித்தான், கம்பெனி லாவும் கொஞ்சம் அக்கவுண்டிங்கும் தெரியாம பேலன்ஸ் ஷீட்ட வெச்சிக்கிட்டு என்ன பண்றது? பேட்டன்ட் ஏஜென்ட் பரீட்சை எழுதவே பல நாட்டுல சயின்ஸ் இல்லனா இன்ஜினியரிங் படிச்சிருக்கணும், காப்பிரைட்டுக்கு அது வேணாம். இத சேரும்போதே யாராவது சொல்லணும்ல.

கடைசி வருஷம் எந்த பேப்பர் வேணும்னு முதல்ல பாருங்க, அங்கேருந்து பின்னாடி வந்து ஒவ்வொரு செமஸ்டரா பிளான் பண்ணுங்க, சில எலெக்டிவ் எல்லா வருஷமும் நடத்த மாட்டாங்க, அதையும் கேட்டு வெச்சிக்கோங்க. காலேஜ்களும் எதுக்கு முன்னாடி எது படிக்கணும்னு அட்மிஷன் அப்பவே ஒரு சார்ட் போட்டு குடுக்கணும்னு கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சட்டப் பட்டதாரி