இரண்டாவது தடவை கேட்டபோதும் முகம் சுளிக்காதவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். நாங்கள் இந்த ஊருக்கு வந்து நேற்றோடு ஒரு வருடம் ஆகிறது. அம்மா, நான், ஐந்தாம் வகுப்பு படிக்கும் பையன் என மூன்று பேர், பெட்டிகள் நாற்பத்தொன்று. அதில் இரண்டை இன்னும் பிரிக்கவில்லை. மேலே 'சில்லறைச் சாமான்' என்று என் கையெழுத்தில்தான் எழுதியிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே ஞாபகமில்லை. ஒரு வருடமாகத் தேடாததை இனிமேல் எதற்குத் தேடப்போகிறாய் என்று அம்மா கேட்கிறார்.

இந்த மடலை எழுத வைத்தது ஒரு சின்ன விஷயம். போன வாரம் பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் என்னிடம் வழி கேட்டார். சொன்னேன். பத்தடி போனவர் திரும்பி வந்து அதையே மறுபடி கேட்டார். 'இப்பத்தானே சொன்னேன்' என்று வாய்வரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். போன வருடம் அதே நிறுத்தத்தில், அதே முகத்தோடு நின்றவள் நான்.

ஒருமுறை வழி கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள். மறுநாளும் அதே கேள்வியோடு போய் நிற்கும்போதுதான் ஆள் தெரியும். எனக்கு இரண்டாவது, மூன்றாவது, ஏன், ஏழாவது தடவைகூடப் பொறுமையாகச் சொன்னவர்கள் இங்கே இருக்கிறார்கள். இந்த நன்றி அவர்களுக்கு. பெயர் போடவில்லை. பலருடைய பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களோ 'ஐயோ, என் பேரெல்லாம் வேண்டாம்' என்றுவிட்டார்கள்.

முதலில் மேல்வீட்டு ஐயா. வந்த அன்று இரவு நான் பொட்டுத் தூக்கம் தூங்கவில்லை. இரண்டு மணிக்குச் சுவருக்குள்ளிருந்து 'டொக்' என்றது. கொஞ்ச நேரம் கழித்து 'டொக் டொக்'. எழுந்துபோய்க் கதவைத் தொட்டுப் பார்த்தேன், ஜன்னலைத் தொட்டுப் பார்த்தேன், தூங்கும் பையனின் நெற்றியைக்கூடத் தொட்டுப் பார்த்தேன். காலையில் படியில் எதிரே வந்த ஐயாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். 'அது தண்ணிக் குழாய்ம்மா, ராத்திரி குளிர்ந்ததும் சுருங்கும், அதான் சத்தம்' என்றார். அதோடு விடவில்லை. கையோடு கூட்டிப்போய், குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தைக் காட்டினார். மூன்றாம் நாள் வேறொரு சத்தத்தோடு போனேன். லிஃப்ட் மோட்டாராம். ஐந்தாம் நாள் மறுபடி அந்தப் பழைய 'டொக்'கையே கேட்டேன். இது வேறு என்று எனக்குத் தோன்றியது. 'அதேதான்' என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கேலி இல்லாத சிரிப்பு.

பிறகு ஒருநாள் நூலகத்தில் ஒன்று படித்தேன். புது இடத்தில் முதல் இரவு ஏன் தூக்கம் வருவதில்லை என்று அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டிருக்கிறார்கள். அன்று மூளையின் வலப்பாதி ஆழ்ந்து தூங்கினாலும் இடப்பாதி அந்த அளவுக்குத் தூங்குவதில்லையாம். சின்னச் சத்தத்துக்கும் சட்டென்று விழித்துக்கொள்கிறதாம். அரை மூளை காவலுக்கு நிற்கிறது. ஐயாவிடம் இதைச் சொன்னேன். 'உனக்கு முழு மூளையும் காவல் நின்னுச்சே' என்றார்.

அடுத்தது எதிர்வீட்டு அக்கா. எங்கள் வாசல் பூட்டுக்கு ஒரு குணம் உண்டு, சாவியை முழுசாக உள்ளே விட்டால் திறக்காது. முதல் நாள் இரண்டு கையிலும் பையோடு நின்று திருப்பு திருப்பு என்று திருப்பினேன். அக்கா தன் கதவைத் திறந்து வந்து, 'ஒரு நூலளவு வெளிய இழுங்க. கதவை உங்க பக்கமா இழுத்துப் பிடிங்க. இப்பத் திருப்புங்க' என்றார். திறந்தது. மறுநாள் எனக்குத் திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான்காம் நாள் அக்கா வாயால் சொல்வதை விட்டுவிட்டார். என் கைமேல் தன் கையை வைத்து, சாவியை உள்ளே விட்டு, துளி பின்னுக்கு இழுத்து நிறுத்தினார். உள்ளே ஏதோ ஒன்று மெல்ல இடம் மாறி உட்கார்ந்தது என் விரலுக்குத் தெரிந்தது. 'ஆங், அதுதான்' என்றார். அன்றிலிருந்து தப்பவில்லை. பூட்டை மாற்றிவிடலாமே என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை.

ஒரு பூட்டைத் திறக்கக் கற்றுக்கொள்ள நான்கு நாளா என்று அப்போது எனக்கே வெட்கமாக இருந்தது. அலுவலகத்தில் பதினைந்து வருட அனுபவம் உள்ளவள், இங்கே சுவிட்சுகூடத் தப்பாகப் போடுகிறேன். கூடத்து விளக்குக்குப் போட்டால் குளியலறை விளக்கு எரியும். எங்கள் மருத்துவரிடம் மறதி வந்துவிட்டதோ என்று கேட்டேன். மறதியில்லை, பாரம் என்றார். 1967இல் ஹோம்ஸ், ராஹே என்ற இருவர் வாழ்க்கையில் மனத்தை அழுத்தும் 43 நிகழ்வுகளுக்கு மதிப்பெண் போட்டார்கள் என்று அவர்தான் சொன்னார். துணையை இழப்பதற்கு 100. வீடு மாறுவதற்கு 20, பள்ளி மாறுவதற்கு 20, வேலை நேரமோ சூழலோ மாறுவதற்கு 20. எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் கூட்டிக்கொள்ள வேண்டுமாம். வீடு மாறுவதற்கு வெறும் 20 போட்டவர்கள் நாற்பத்தொரு பெட்டி கட்டியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்தக் கணக்கைக் கேட்டதும் மனசு லேசானது. மருத்துவருக்கும் நன்றி, மாத்திரை எழுதாமல் அனுப்பியதற்குக் கூடுதல் நன்றி.

முகவரி மாற்றப் போன இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. முகவரிச் சான்றுக்கு வங்கிப் புத்தகம் கேட்டார்கள். வங்கிக்குப் போனால் முகவரிச் சான்று கேட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் மூன்று நாள் நடந்தேன். மூன்றாம் நாள் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றிருந்த பெண், 'முதல்ல வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணிடுங்க. அதை வெச்சு ஒண்ணை வாங்குங்க, அதை வெச்சு இன்னொண்ணை வாங்குங்க' என்றார். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் மூன்று நாளாகச் சொல்லாததை வெளியே நின்றவர் அரை நிமிடத்தில் சொன்னார். அவரை அதன்பிறகு நான் பார்க்கவேயில்லை. கையில் அவருடைய பேனாவோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தெருமுனைத் தையல்கடை அண்ணனுக்கு நான் கொடுத்த தொல்லைக்கு அளவே இல்லை. முதல் மாதம் முழுக்கப் போனைப் பார்த்துத்தான் நடந்தேன். இடம் திரும்பு என்றால் திரும்புவேன், வலம் என்றால் வலம். போய்ச் சேர்ந்துவிடுவேன், ஆனால் எப்படிப் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒருநாள் வழியில் போன் அணைந்துவிட்டது. நாற்பது நாளாக நடந்த தெருவில், வீட்டுக்கு முந்நூறு அடி தள்ளி, திக்குத் தெரியாமல் அண்ணன் கடை வாசலில் நின்றேன். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, 'நாளையிலிருந்து போனைப் பையில போடு தங்கச்சி. தினம் ஒரு தெரு தப்பாப் போ. தப்பாப் போனாத்தான் ஊரு பிடிபடும்' என்றார். தப்பாகப் போய்த் திரும்பி வந்து அவரிடமே வழி கேட்பேன். சில நாள் இரண்டு தடவை. வாயில் ஊசி இருந்தால் கையால் காட்டுவார்.

அண்ணன் சொன்னதில் அறிவியலும் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் செல்கள் எலியின் மூளையில் இருப்பதை 1971இல் ஜான் ஓ'கீஃப் கண்டறிந்தார். மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் 2005இல், தூரத்தையும் திசையையும் கட்டம் கட்டி அளக்கும் வேறு செல்களைக் கண்டார்கள். மூவருக்கும் 2014இல் நோபல் கிடைத்தது. தலைக்குள் வரைபடம் ஒன்று இருக்கிறது, சுற்றச் சுற்றத்தான் அது எழுதப்படுகிறது என்று நான் புரிந்துகொண்டேன். என்னுடையதில் முதலில் பதிந்த புள்ளி தையல்கடைதான். இன்றைக்கும் யாராவது வழி கேட்டால் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

பையனைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, பிள்ளைகள் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறார்கள். ஆனாலும் அவன் வகுப்பு ஆசிரியைக்கு ஒரு நன்றி. எழுந்து நின்று உன்னை அறிமுகப்படுத்திக்கொள் என்று முதல் நாளே அவர் அவனை நிறுத்தவில்லை. இரண்டு மாதம் முன்னால் வந்து சேர்ந்திருந்த இன்னொரு பையனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, 'இவனுக்குப் பள்ளிக்கூடத்தைச் சுத்திக் காட்டு' என்று அவனிடம் வேலை கொடுத்தார். அந்தப் பையன் அன்றைக்கு ஒரே நாளில் பழைய ஆளாகிவிட்டானாம்.

அம்மாதான் கஷ்டப்பட்டார். எனக்கு அலுவலகம் இருந்தது, பையனுக்குப் பள்ளி இருந்தது. எழுபத்தொரு வயதில் அவருக்கு ஜன்னல் மட்டும் இருந்தது. வீட்டைப் பிரிந்த ஏக்கத்தை ஒரு நோயாகவே கருதி, 1688இல் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் அதற்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தார். திரும்பிப்போதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டிச் செய்த பெயர். அம்மாவுக்குக் கிரேக்கம் தெரியாது. 'எனக்கு இங்க பேச்சே வரல' என்றார், அவ்வளவுதான்.

கீழே பூங்காவில் ஒரு பெஞ்சு இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு முதல் பிளாக் பாட்டி அதில் வந்து உட்காருவார். பத்தாம் நாளோ என்னவோ, அம்மாவைக் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டுபோய் அங்கே உட்காரவைத்தேன். முதல் வாரம் இருவரும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாம் வாரம் முழங்காலைப் பற்றி. பாட்டிக்குக் காது கொஞ்சம் மந்தம், அம்மாவுக்குச் சொன்னதையே சொல்லும் வழக்கம். இதைவிடப் பொருத்தம் எங்கே அமையும்? தாத்தா ரயிலைத் தவறவிட்ட கதையை நாங்கள் வீட்டில் நூறு தடவை கேட்டுவிட்டோம். பாட்டி ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல 'அப்புறம்?' என்றார். காது கேட்காமல் கேட்டாரா, கேட்டும் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒருவர் நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டும் என்று அமெரிக்கப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018இல் கணக்குச் சொல்லியிருக்கிறார். சாதாரணப் பழக்கமாவதற்கே ஏறக்குறைய 50 மணி நேரமாம். பெஞ்சில் தினம் ஒரு மணி நேரம். அப்படியானால் 200 மணிக்கு ஏழு மாதத்தைத் தொட வேண்டும். எழுதி வைத்துப் பார்க்கவில்லை, ஆனால் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கீழிருந்து அம்மாவின் குரல் கேட்டது: 'ஏண்டி, நேத்து ஏன் வரல?' அதுவரை வாங்க போங்க என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பாட்டி, உங்களுக்கு என்ன சொல்வது? இதைப் பெரிய எழுத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், அம்மாவே படித்துக் காட்டுவார்.

கடைசியாக, நீலக் குடைக்காரருக்கு. நாம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. காலை எட்டேகால் பேருந்துக்கு நீங்கள் கம்பத்துக்கு இந்தப் பக்கம் நிற்பீர்கள், நான் அந்தப் பக்கம். தினம் பார்த்தும் பேசாமல் இருக்கும் ஆட்களை அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1972இல் 'பழகிய அந்நியர்' என்று அழைத்தார். முதல் மாதம் ஒரே எண்ணுள்ள பேருந்து இரண்டு திசையிலும் போகும் என்று தெரியாமல் எதிர்த்திசை வண்டியில் ஏறி, கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பியிருக்கிறேன். அடுத்த நாளும் அதே வண்டியில் ஏறக் காலை வைத்தேன். நீங்கள் தூரத்திலிருந்து குடையின் நுனியை எதிர்ப்பக்கம் நீட்டினீர்கள். முந்தின நாளே கவனித்திருக்கிறீர்கள். அதன்பிறகு பல மாதம், சரியான வண்டி வரும்போது குடை லேசாக உயரும். எனக்கு வழி பழகிவிட்டது என்று தெரிந்ததும் உயர்த்துவதை நிறுத்திவிட்டீர்கள். நான் எந்த நாளில் புது ஆளாக இருப்பதை விட்டேன் என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மூன்று வாரமாக உங்களைக் காணவில்லை. நேரம் மாறிவிட்டதா, வேலை மாறிவிட்டதா, வேறு ஊருக்கே போய்விட்டீர்களா? பேசியிருந்தால் கேட்டிருப்பேன். இதை உங்களுக்குத் தெரிந்த யாராவது படித்தால், கம்பத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் பெண் விசாரித்தாள் என்று சொல்லட்டும்.

நன்றியுடன்,
இரண்டாம் மாடி, கடைசி வீடு

பி.கு.: மேல்வீட்டு ஐயாவின் ஸ்க்ரூடிரைவரும், எதிர்வீட்டு அக்காவின் மடக்கு ஏணியும், வரிசையில் நின்ற பெண்ணின் பேனாவும் என்னிடம்தான் இருக்கின்றன. ஸ்க்ரூடிரைவரை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன் ஐயா. ஏணி மட்டும் இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும் அக்கா, அந்த இரண்டு பெட்டியும் பரண்மேல் இருக்கின்றன.