இரண்டு மையில் அச்சான கதை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய போட்டோ வந்து சேர்ந்தது. மியூனிக் பவேரியா ஸ்டுடியோவில், 'நெவரென்டிங் ஸ்டோரி' படத்தில் வரும் அந்த வெள்ளை டிராகன் மேல் நீ உட்கார்ந்திருக்கிறாய். முப்பது வயதுப் பெண் இப்படி ஏறி உட்கார்ந்திருக்கிறாளே என்று அத்தை சிரித்தாள். எனக்கு உன்னுடைய பத்து வயது முகம்தான் தெரிந்தது. கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய்: "இந்தப் படத்தைப் புதிதாக எடுக்கப் போகிறார்களாம் அப்பா, தெரியுமா?"

தெரியும் பாப்பா. 2024-ல் அறிவித்தார்கள். சீ-சா ஃபிலிம்ஸ் என்ற கம்பெனியும், அந்தக் கதையை எழுதிய ஜெர்மன் எழுத்தாளர் மிக்கேல் எண்டேயின் படைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியும் சேர்ந்து எடுக்கப் போகிறார்கள். ஒரு படம் இல்லை, பல படங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருப்பதை எல்லாம் போனில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நாம் முதலில் பார்த்தது 1984-ல் வந்த படம். அதைச் சிடி வாடகைக்கு எடுத்து வந்தேன். அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. உன்னை எப்படிச் சிரிக்க வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கடைக்காரர் "டிராகன் படம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்" என்றார். பிடித்தது. மூன்று நாள் வாடகை கட்டி மூன்று நாளும் பார்த்தாய். சோகச் சேற்றில் அந்தக் குதிரை மூழ்கும்போது மூன்று முறையும் அழுதாய். அந்தப் படத்தை நான் குறை சொல்லப் போகிறேன், ஆனால் அந்தக் குதிரைக் காட்சியைக் குறை சொல்ல மாட்டேன். புத்தகத்தில் அந்தக் குதிரை பேசும், தன்னை விட்டுவிட்டுப் போகச் சொல்லும். படத்தில் பேச்சே இல்லை. அந்தக் குதிரையில் வந்த வீரப் பையன் அத்ரேயு கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே கத்துவது மட்டும்தான். அதுவும் நெஞ்சைப் பிடித்துவிடுகிறது.

அப்புறம் மதுரையில் பழைய புத்தகக் கடையில் அந்தக் கதையின் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. 'முடிவில்லாத கதை' என்று நீயும் நானும் பெயர் வைத்துக்கொண்டோமே, அதேதான். முதல் பக்கத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் வலமிருந்து இடமாகத் திரும்பி நிற்கிறது. பழைய புத்தகக் கடைக் கதவின் கண்ணாடியில் எழுதியிருக்கும் பெயரைக் கடைக்குள்ளிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ, அப்படி அச்சடித்திருக்கிறார்கள். பதினாறு வயதில் அச்சுக் கோர்க்கப் போனவன் நான். ஈய எழுத்து எல்லாம் தலைகீழாகவும் திரும்பியும்தான் இருக்கும், அதைப் படித்துத்தான் சோறு. ஒரு நொடிகூட நிற்காமல் அந்தப் பக்கத்தைப் படித்தேன். இந்தப் புத்தகம் எனக்கென்று எழுதினது என்று அப்போதே தோன்றிவிட்டது.

ஜெர்மன் பதிப்பு 1979-ல் வந்தபோது அதை இரண்டு மையில் அச்சடித்தார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கதைக்குள் ஒரு புத்தகத்தைப் படிக்கிற பையன் பாஸ்டியன் இருக்கும் நம் உலகம் சிவப்பில். அவன் படிக்கிற கதை, ஃபான்டாஸ்டிகா உலகம், நீலப்பச்சையில். இருபத்தாறு அத்தியாயம், ஏ முதல் இசட் வரை ஒவ்வொன்றும் ஒரு எழுத்தில் தொடங்கும், நம் ஆத்திசூடி அகர வரிசையில் போவது போல. அந்த முதலெழுத்து ஒவ்வொன்றுக்கும் முழுப் பக்க ஓவியம். சிவகாசியில் இத்தனை வருஷம் மிஷின் ஓட்டியவனாகச் சொல்கிறேன், இதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் தெரியுமா? சிங்கிள் கலர் மிஷினாக இருந்தால் ஒவ்வொரு பாரத்தையும், அதாவது பல பக்கம் சேர்ந்த அச்சுத்தாளையும், இரண்டு தடவை ஓட்ட வேண்டும். முதல் மை காய வேண்டும். ஒரே பக்கத்தில் நான்கு வரி சிவப்பு, அடுத்த வரி பச்சை என்று வந்தால், ரிஜிஸ்டர், அதாவது இரண்டு மையும் சேரும் இடம், கொஞ்சம் விலகினாலும் வரி மேல் வரி ஏறிவிடும். செலவு அதிகம் என்று தெரிந்தும் அப்படித்தான் வர வேண்டும் என்று ஒருவர் நினைத்திருக்கிறார் என்றால், அது அலங்காரத்துக்காக இல்லை. படிக்கிறவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதுதான் அந்தக் கதையே.

நமக்குக் கிடைத்த பதிப்பில் எல்லாமே கறுப்பு மைதான், ஒரு உலகத்துக்கு மட்டும் சாய்வெழுத்து. நான் இதைச் சொன்னதும் நீ ஸ்கெட்ச் பேனா எடுத்து வந்து ஓரத்தில் கோடு போட ஆரம்பித்தாய், பாஸ்டியனுக்குச் சிவப்பு, மற்றதுக்குப் பச்சை. இரவு நான் அகராதியை வைத்துக்கொண்டு ஒரு அத்தியாயம் படித்து, மறுநாள் உனக்குத் தமிழில் சொல்வேன். நீ கேட்டுக்கொண்டே கோடு போடுவாய். அந்தப் புத்தகம் இன்னும் பீரோவில் இருக்கிறது. சிவப்பு கொஞ்சம் வெளுத்துவிட்டது, பச்சை அப்படியே இருக்கிறது.

சரி, படத்துக்கு வருகிறேன். உல்ஃப்காங் பீட்டர்சன் எடுத்தது. ஏறக்குறைய 6 கோடி மார்க் செலவு, அதுவரை ஜெர்மனியில் இவ்வளவு பணம் போட்டு யாரும் படம் எடுத்ததில்லை. ஆனால் புத்தகம் எழுதிய எண்டே அதைப் பார்த்துக் கொதித்துப்போனார். கதையை மாற்றிவிட்டார்கள், நிறுத்துங்கள், இல்லையென்றால் தலைப்பையாவது மாற்றுங்கள் என்று வழக்குப் போட்டார், தோற்றார். படத்தின் தொடக்கத்தில் தன் பெயர் வர வேண்டாம் என்று எடுக்கச் சொல்லிவிட்டார். தன் பிள்ளைக்குத் தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று ஒருவர் சொல்ல வேண்டுமானால் மனம் எவ்வளவு நொந்திருக்க வேண்டும்.

டிராகன் உருவத்தை வைத்து நான் சண்டை போட மாட்டேன். நீ உட்கார்ந்திருப்பது நாய் முகம் வைத்த டிராகன். புத்தகத்தில் அதற்குச் சிங்கத்தலை, முத்துச்சிப்பி மாதிரி மின்னுகிற செதில், மாணிக்கக் கண், மணி அடித்தது போல ஒரு குரல். அத்ரேயுவின் தோல் ஆலிவ் பச்சை. பாஸ்டியன் குண்டுப் பையன், படத்திலோ ஒல்லியான அழகான பையன். இதில் பாஸ்டியன் குண்டாக இருப்பது மட்டும் முக்கியம். ஏன் என்று உனக்குத் தெரியும்.

அந்தப் படம் புத்தகத்தின் முதல் பாதியோடு நின்றுவிடுகிறது. அதுதான் என் வருத்தம். ஃபான்டாஸ்டிகாவை ஆளும் குழந்தைப் பேரரசிக்குப் பாஸ்டியன் புதுப் பெயர் வைத்து அந்த உலகத்தைக் காப்பாற்றுகிறான், டிராகன் மேல் ஏறி நம் உலகத்துக்கே வந்து, தன்னைத் துரத்திய பையன்களைக் குப்பைத் தொட்டியில் குதிக்க வைக்கிறான், கதை முடிந்தது. பத்து வயதில் உனக்கு அது சந்தோஷமாக இருந்தது. எனக்கும்தான். ஆனால் புத்தகத்தில் அவன் திரும்பி வந்ததும் யாரையும் துரத்தப் போவதில்லை. வீட்டுக்குப் போகிறான்.

அந்த இரண்டாம் பாதி எவ்வளவு பயங்கரமானது! ஃபான்டாஸ்டிகாவுக்குள் போன பாஸ்டியனின் கழுத்தில் 'ஆரின்' என்ற தாயத்து. அதன் பின்புறம், நீ விரும்புவதைச் செய் என்று எழுதியிருக்கும். ஒவ்வொரு ஆசை நிறைவேறும்போதும் நம் உலகத்து நினைவு ஒன்று அவனை விட்டுப் போய்விடும். அழகாக வேண்டும் என்று ஆசைப்படுகிறான், அழகாகிவிடுகிறான், தான் குண்டாக இருந்தவன் என்பதே மறந்துபோகிறது. மறந்தது என்பதும் அவனுக்குத் தெரியாது. ஒல்லிப் பையனை நடிக்க வைத்தால் இந்த இடத்தை எப்படிக் காட்டுவது? 1990-ல் வந்த இரண்டாம் படத்தில் நினைவுகள் போவது வருகிறது, ஆனால் அங்கே ஒரு சூனியக்காரி எந்திரம் வைத்துத் திருடுகிறாள். புத்தகத்தில் திருடர் யாரும் இல்லை. வரத்தின் விலையே அது. இதை ஒரு வில்லி தலையில் கட்டினால் குழந்தைகளுக்குப் புரியும் என்று நினைத்துவிட்டார்கள். நான் சொன்னபோது உனக்கு வில்லி இல்லாமலே புரிந்தது.

முன்னாள் பேரரசர்களின் நகரம் நினைவிருக்கிறதா? எல்லா நினைவும் தீர்ந்துபோனவர்கள், இனி ஆசைப்படவும் முடியாதவர்கள், எழுத்துப் பொறித்த கட்டைகளை உருட்டிக்கொண்டே இருப்பார்கள். என்றாவது ஒரு சொல், ஒரு வரி, ஒரு கதை தானாக அமையும் என்று. அச்சுக் கோர்த்தவனுக்கு அதைவிடப் பெரிய பயம் இல்லை. கை நிறைய எழுத்து இருக்கிறது, சொல்ல ஒன்றும் இல்லை. புதுப் படத்தில் அந்த நகரத்தைச் சத்தமில்லாமல் காட்ட வேண்டும், பின்னணி இசைகூட வேண்டாம். கட்டை உருளும் ஓசை மட்டும் போதும்.

கடைசியில் அம்மா, அப்பா நினைவும் போய், தன் பெயர் ஒன்று மட்டும் மிச்சமாக அவன் படச் சுரங்கத்துக்கு வருகிறான். மனிதர்கள் மறந்த கனவுகள் மெல்லிய தகடுகளாக மண்ணுக்கடியில் அடுக்கியிருக்கும் இடம். இருட்டில் நாள் கணக்காகத் தோண்டுகிறான். ஒரு படம் கிடைக்கிறது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு மனிதர், கையில் பல் செட்டின் பிளாஸ்டர் அச்சு, முகத்தில் கவலை. அவரைச் சுற்றி, ஊடுருவ முடியாத பனிக்கட்டி. யார் என்று பாஸ்டியனுக்குத் தெரியாது. ஆனால் அவருக்காக அவன் மனம் ஏங்குகிறது. அது அவன் அப்பா. பல் செட் செய்கிறவர். மனைவி இறந்த பிறகு வாயே திறக்காமல் போனவர்.

அந்த அத்தியாயத்தை உனக்குச் சொன்ன இரவு நான் பாதியில் நிறுத்திவிட்டு முகம் கழுவப் போனேன். நீ ஏன் என்று கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாய். அந்த ஒரு வருஷமாக நான் காலண்டர் சீசன் என்று சொல்லி இரவு பத்து மணிக்கு வந்து, சோறு போட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டிருந்தேன். சீசன் முடிந்த பிறகும் அப்படித்தான் வந்தேன். மறுநாள் ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். உனக்கு அது நினைவிருக்கிறதோ என்னவோ. அன்றைக்கு நாம் இரண்டு பேரும் பரோட்டா சாப்பிடப் போனோம்.

அதனால்தான் சொல்கிறேன், 1984 படத்தில் அந்த அப்பா காலைச் சாப்பாட்டு மேஜையில் வருகிறார், கனவு காணாதே என்று மகனுக்குப் புத்தி சொல்கிறார், அதோடு காணாமல் போகிறார். பையன் டிராகன் மேல் பறக்கிறான், அப்பா என்ன ஆனார் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. புத்தகத்தில் மொத்தப் பயணமும் அவரிடம்தான் வந்து முடிகிறது. ஜீவத் தண்ணீரை அவருக்காகக் கையில் ஏந்தி வருகிறான், வரும் வழியில் எல்லாம் சிந்திவிடுகிறது. வெறும் கையோடு வீட்டுக்கு வந்து நடந்ததை எல்லாம் சொல்கிறான். அப்பாவின் கண் நிறைகிறது. அதைப் பார்த்ததும், தான் தண்ணீரைக் கொண்டுவந்துவிட்டோம் என்று அவனுக்குத் தெரிகிறது. இந்த ஒரு காட்சி ஒழுங்காக வந்துவிட்டால் மற்றதில் அவர்கள் என்ன மாற்றினாலும் எனக்குச் சம்மதம்.

இல்லை, இன்னொன்றும் உண்டு. தண்ணீருக்கு முன்னால் நிற்கும்போது அவனுக்குப் பெயர்கூட மறந்துவிட்டது. அவனுக்காக அவன் பெயரைச் சொல்வது அத்ரேயு. போரில் இதே பாஸ்டியன் வாளால் காயப்படுத்திய அத்ரேயு. அதையும் விட்டுவிடக் கூடாது.

எண்டேயின் அப்பா எட்கர் எண்டே ஓவியர். நாஜிகள் அவர் ஓவியங்களைத் தடை செய்தார்கள். 1944-ல் மியூனிக்கில் குண்டு விழுந்து ஸ்டுடியோவோடு பெரும்பாலான படங்கள் எரிந்துபோயின. பூமிக்கடியில் படங்களைத் தோண்டி எடுக்கும் அந்தச் சுரங்கத்தை மகன் எழுதியபோது அப்பாவை நினைத்துத்தான் எழுதியிருப்பார் என்று நான் நம்புகிறேன். அந்தச் சுரங்கத்தை விட்டுவிட்டுப் படம் எடுத்தால் அவருக்கு வலிக்காமல் என்ன செய்யும்? 1995-ல் மிக்கேல் எண்டே இறந்துவிட்டார். புதுப் படத்தைப் பார்க்க அவர் இல்லை. அவர் பெயரில் உள்ள கம்பெனியே இந்த முறை கூட இருப்பதால் கொஞ்சம் தைரியமாக இருக்கிறது. பல படங்கள் என்பதால் இரண்டாம் பாதிக்கு இடமும் இருக்கும்.

நீ இருக்கும் ஊரிலேயே புளூட்டன்புர்க் கோட்டை என்று ஒன்று இருக்கிறது, அங்கே குழந்தைப் புத்தக நூலகம், அதற்குள் எண்டேக்கு ஒரு அருங்காட்சியகம். வால்ட்ஃபிரீட்ஹோஃப் கல்லறைத் தோட்டத்தில் அவர் சமாதி மேல் வெண்கலத்தில் பெரிய புத்தகம் செய்து வைத்திருக்கிறார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வா. குளிரில் வெறும் ஷூவோடு போகாதே, அத்தை கொடுத்த கம்பளி சாக்ஸ் போட்டுக்கொள்.

அப்பாவுக்கு ஒரு உதவி வேண்டும். இரண்டு மையில் அச்சான ஜெர்மன் புத்தகம் ஒன்று வாங்கு. பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா, நீ படித்து அர்த்தம் சொல்லு, இந்தத் தடவை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் முதல் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு. மொழி தெரியாவிட்டால் என்ன, திரும்பி நிற்கிற எழுத்தை நான் படித்துவிடுவேன்.

அன்புடன்,
அப்பா