ஃபோர்ட் மெக்லவுட் ஊர்க்காரர்களுக்கு நன்றி

கனடாவின் தெற்கு அல்பெர்ட்டாவில் இருக்கும் இந்தச் சின்ன ஊரைப் பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதப்போகிறேன் என்றபோது, "யார் படிப்பார்கள்?" என்று அங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில்தான் கேட்டார்கள். கையேடு அச்சுக்குப் போய்விட்டது, நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர்.

முதலில் கோட்டை அருங்காட்சியகத்து அம்மையாருக்கு. 1874 ஜூலையில் மனிடோபாவிலிருந்து கிளம்பிய சிவப்புச் சட்டைப் போலீஸ் (கனடாவின் வடமேற்குக் குதிரைப் போலீஸ்), வழியில் குதிரைகளைப் பறிகொடுத்து, திசை தெரியாமல் திண்டாடி, கடைசியில் ஜெர்ரி பாட்ஸ் வந்து வழிகாட்டியதால்தான் கரைசேர்ந்தது. பாட்ஸின் அம்மா கைனாய் என்ற பூர்வகுடி இனத்தவர், அப்பா ஸ்காட்லாந்துக்காரர். சாராய வியாபாரிகளைப் பிடிக்க அவர்களுடைய ஃபோர்ட் ஹூப்-அப் கோட்டைக்குப் போனால் அங்கே சாராயமே இல்லை! அப்புறம்தான் ஓல்ட்மேன் ஆற்றுத் தீவில் கோட்டை கட்டினார்கள், வெள்ளத்தொல்லை தாங்காமல் 1884-இல் அதையும் இடம் மாற்றினார்கள். சொந்த ஊர்ப் பெருமையை இப்படிப் பூசி மெழுகாமல் சொல்ல ஒரு மனசு வேண்டும்.

அடுத்து, பக்கத்தில் 'ஹெட்-ஸ்மாஷ்ட்-இன் பஃபலோ ஜம்ப்' மலைச்சரிவில் எனக்கு எல்லாம் விளக்கிய பிளாக்ஃபூட் பூர்வகுடி வழிகாட்டி. "இங்கேயிருந்துதானே ஆரம்பிக்கிறீர்கள்?" என்று கேட்டார், அதனால் முதல் அத்தியாயமே அவருடையது. ஏறக்குறைய 6000 ஆண்டுகளாக இங்கே பூர்வகுடிகள் கற்குவியல்களை வரிசையாக அடுக்கிப் பாதை அமைத்து, காட்டெருமை மந்தையை விரட்டி வந்து பாறை விளிம்பிலிருந்து விழவைத்து வேட்டையாடியிருக்கிறார்கள். கீழே எலும்புப் படிவு சுமார் 10 மீட்டர் ஆழம். 1877-இல் அரசுக்கும் பூர்வகுடிகளுக்கும் இடையே ஏழாம் ஒப்பந்தம் கையெழுத்தானது, அடுத்த சில ஆண்டுகளுக்குள் அந்தப் பக்கம் காட்டெருமையே இல்லை, பசிதான் மிச்சம். அவர் இதைக் குரல் உயர்த்தாமல்தான் சொன்னார், எனக்குத்தான் குறிப்பெடுக்கக் கை ஓடவில்லை.

காபிக்கடைப் பெரியவர் ஐயா, உங்களை மறக்க முடியுமா? 1906 தீவிபத்துக்குப் பிறகு செங்கல்லிலும் மணற்கல்லிலும் எழுந்த கடைத்தெரு இன்றும் எப்படி அப்படியே நிற்கிறது என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும்: 1912-இல் ரயில்வே தன் மையத்தையும் 200 வேலைகளையும் லெத்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனது, 1924-இல் ஊர் திவாலானது, இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசில்லை. நம்மூர்ப் பழைய வீடுகள் பலவும் இப்படித்தான் தப்பித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த ஊர்க் காற்றில் கார் கதவு பிய்ந்துபோகாத குறையாகத் திரும்பிக்கொண்டபோது ஓடிவந்து கயிறு கட்டிக் கொடுத்த விடுதிக்காரத் தம்பதிக்கும் நன்றி, கயிறு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

சரி, இந்த மடலை என் மகள் ஆங்கிலத்தில் எழுதி அவர்களுக்கு அனுப்புவாள். கையேடும் கூடவே போகும். தமிழ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, படங்கள் நிறைய இருக்கின்றன.